வரிநோட்டில் ஒரு பம்பாய்ப் பக்கம்

பங்குனி உத்திரம் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு முருகன் கோயிலும் காவடியும் ஞாபகம் வரும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு அது சாஸ்தா கோயில். வருஷம் முழுக்க ஆள் நடமாட்டமே இல்லாமல் குளத்தங்கரையிலோ உடைமரக் காட்டுக்குள்ளோ கிடக்கிற ஒரு சின்னக் கோயிலைத் தேடி, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அடுப்புக் கூட்டிப் பொங்கல் விடுவார்கள். முன்னே பின்னே பார்த்திராத பத்துப் பேரை 'இது ஒனக்குப் பெரியப்பா முறை, இது அண்ணன் முறை' என்று காட்டுவார்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட, கோயில் மறுபடி ஓணானுக்கும் காக்காய்க்கும். அமெரிக்காக்காரர்கள் இதற்கு 'ஃபேமிலி ரீயூனியன்' என்று பேர் வைத்து ஒரே கலரில் டி-சர்ட் அடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் டி-சர்ட் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்.

ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. அதனால்தான் கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததுமே 'ஒங்க சாஸ்தா எது?' என்று கேட்டுவிடுகிறார்கள். சாஸ்தா எதுவென்றே தெரியாமல் போனவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால் போதும், எல்லா சாஸ்தாவுக்கும் மூலம் அதுதான் என்பது நம்பிக்கை. குலதெய்வம் தொலைந்தவர்களுக்கென்றே ஒரு குலதெய்வம்! இப்படி ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது என்றால், எத்தனை குடும்பங்கள் எங்கெங்கோ போய்த் தொடர்பு அறுந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் கோயிலுக்கு மராமத்து வேலை நடக்கிறது. அடுத்த உத்திரத்துக்கு எல்லாத் தலைக்கட்டையும் கூப்பிடுவது என்று ஊரில் முடிவு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஓர் ஆம்பிளையின் குடும்பம். அதற்கு இவ்வளவு என்று வரி உண்டு. அந்த வரியை எழுதி வைக்கும் நோட்டுத்தான் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே சரித்திரப் புத்தகம். பெரியப்பா போனில், 'நீதான் அங்க இருக்கியே, பம்பாய்ப் பக்கத்தப் பாத்துச் சொல்லு' என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். 1969-ஆம் வருஷத்து நோட்டு. மேலே 'பம்பாய்' என்று தலைப்பு. கீழே பதினோரு பேர். அதில் இன்றைக்குப் போக்குவரத்து இருப்பது மூன்று வீட்டோடு. மற்ற எட்டுப் பேரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

நான் செம்பூரில் குடியிருக்கிறேன், வேலை பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில். தினமும் தாராவியைத் தொட்டுக்கொண்டுதான் போய் வருகிறேன். அதனால் சனி ஞாயிறுகளில் இது என் வேலையாகிவிட்டது. தேடப்போன இடத்தில் உறவுக்காரர்களைவிடச் சரித்திரம்தான் அதிகம் கிடைத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த நோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். பேருக்கு நேரே முழு விலாசம் கிடையாது. 'பம்பாய்-17' என்று ஏழு பேருக்கு, 'பம்பாய்-19' என்று ஒருவருக்கு, 'பம்பாய்-71' என்று ஒருவருக்கு, 'ஜனதா காலனி' என்று இரண்டு பேருக்கு. அவ்வளவுதான். கதவு எண்ணாக இருக்குமோ என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். அது தபால் வட்டார எண். 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்கப் பின்கோடு வருவதற்கு முன்பே பம்பாயை எண் போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். பின்கோடு வந்தபோது பழைய எண்ணுக்கு முன்னால் 4000 என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, 17 என்றால் 400017, தாராவி. 19 மாட்டுங்கா. 22 சயான். 71 செம்பூர். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இன்லேண்ட் லெட்டர் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்து அழிந்திருந்தாலும் அந்த எண் தப்பியிருந்தால் எந்தப் பேட்டை என்று சொல்லிவிடலாம். அது மட்டுமில்லை, போனவர் என்ன வேலைக்குப் போனார் என்பதையும் பாதி ஊகித்துவிடலாம்.

பதினோரு பேரில் ஏழு பேர் ஏன் 17-க்குப் போனார்கள்? தாராவி அடிப்படையில் மீன்பிடிக் குப்பம். 1909-இல் வந்த பம்பாய் நகர கெசட்டியர் அதை ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகச் சொல்கிறது. சுற்றிலும் சதுப்பு. நகரத்துக்கு நடுவில் வேண்டாம் என்று நினைத்த தொழில்களை எல்லாம் நகரம் இந்தப் பக்கம் தள்ளியது. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடா ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் ஷாப்புகள் வந்தன. பாந்த்ராவில் இறைச்சிக் கூடம் இருந்தது, அதனால் பச்சைத் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடும் பக்குவம் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் தொடமாட்டேன் என்ற வேலையைத் தொட்டு ஊன்றியவர்கள் அவர்கள்தான். அதற்குப் பிறகு கடை வைக்க, மில்லுக்குப் போக, இட்லி விற்க என்று வந்த மற்றச் சாதிக்காரர்கள் (எங்கள் ஆட்கள் உட்பட) அவர்கள் போட்ட பாதையில் நடந்து வந்தவர்கள். இப்போது சிலர் பேசுவதைக் கேட்டால் இது தலைகீழாக இருக்கிறது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

ரயிலையும் சொல்ல வேண்டும். பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. ரயில்வேயும் சென்னையிலிருந்து வந்த மெட்ராஸ் ரயில்வேயும் 1871-இல் ராய்ச்சூரில் கைகோத்தன. 1876-இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே 1876-இல்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது, 1878 வரை ஆட்டியது. பஞ்சமும் தண்டவாளமும் ஒன்றாக வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் போக, ஒரு பங்கு பம்பாய்க்கு வந்தது. திருநெல்வேலியில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்குப் போய், அங்கே மெட்ராஸ் மெயிலைப் பிடித்து விக்டோரியா டெர்மினஸ். அந்தப் பக்கமே அகல ரயில்பாதை வந்தது 1980-களின் தொடக்கத்தில்தான். எங்கள் அப்பா காலத்தில்கூட, பம்பாய் போய் வந்தவர் கதை சொன்னால் அதில் பாதி எழும்பூர்-சென்ட்ரல் ஓட்டமாகத்தான் இருக்கும்.

வந்தவர் எங்கே தங்குவார்? ஊர்க்காரர் கோலியில். கோலி என்றால் மராத்தியில் அறை. இங்குள்ள தமிழர் வாயில் அது தமிழாகவே ஆகிவிட்டது. ஒரு கோலியில் பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போனால் ராத்திரி ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். கோவாக்காரர்கள் தோபி தலாவ் பக்கம் 'கூட்' என்று ஊருக்கு ஒரு தங்கும் விடுதி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். கோயிலும் கட்டினார்கள். தாராவியில் தமிழர்களுடைய கணேசர் கோயில் 1913-இல் கட்டியது. இன்றைக்கும் தைப்பொங்கலன்று தொண்ணூறடி ரோட்டில் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம். பார்த்தால் சாஸ்தா கோயில் வாசல் மாதிரியே இருக்கும்.

பம்பாய்-19 வேறு கதை. மத்திய ரயில்வே தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி, கிழக்கே மாட்டுங்கா. நடந்தால் பத்து நிமிஷம், ஆனால் இரண்டும் இரண்டு உலகம். 1896-இல் பிளேக் வந்து பம்பாயைப் போட்டுத் தாக்கிய பிறகு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்துத் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டார்கள். அங்கே வீடுகள் எழும்பிய 1920, 30-களில் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்த பிராமணப் பையன்கள் வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 1923-இல் ஆஸ்திக சமாஜம், 1932-இல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம், 1952-இல் ஷண்முகானந்தா சபை என்று வரிசையாக நிறுவனங்களை உண்டாக்கினார்கள். எங்கள் நோட்டில் 19 என்று இருந்தவர் குமாஸ்தா இல்லை, அங்கே ஒரு மெஸ்ஸில் சமையல் உதவி. மாட்டுங்காவுக்கு அப்படியும் ஆட்கள் வேண்டியிருந்தது.

செம்பூர் பிந்தி வந்தது. 1950-களில் டிராம்பேயில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் (1954, 1955) அணுசக்தி நிலையமும் வந்தபோது கூடவே படித்த தமிழர்களும் வந்தார்கள். மாட்டுங்காவில் இடம் போதாதவர்களும் இங்கே நகர்ந்தார்கள். இப்போது சேடா நகர் முருகன் கோயில் வாசலில் நின்றால் மும்பையில் இருப்பதே மறந்துவிடும்.

இந்த மாட்டுங்கா-செம்பூர் வீடுகளில் உறவினரைத் தேடுவது ஒப்பீட்டில் சுலபம். சபை மெம்பர் பட்டியல், பள்ளிக்கூட ஆண்டு மலர், யாரோ ஒரு ரிட்டயர்ட் மாமா கம்ப்யூட்டரில் ஏழு தலைமுறை வம்சவிருட்சம் போட்டு பி.டி.எஃப். ஆக்கி வைத்திருப்பார். தாராவியில் அப்படி எதுவும் இல்லை. அங்கே காகிதம் என்றால் ரேஷன் கார்டு, கரண்டு பில், போட்டோ பாஸ்.

அந்த போட்டோ பாஸ் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1976-இல் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகளை எண்ணிக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பத்துக்குப் படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். பழைய ஆட்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். 'நான் இங்கே இருந்தேன்' என்பதற்கு அரசாங்கமே கொடுத்த முதல் சாட்சி.

அதே 1976-இல் இன்னொன்றும் நடந்தது. நோட்டில் 'ஜனதா காலனி' என்று இரண்டு பேர் இருந்தார்கள் இல்லையா? மேப்பில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனி, நகரத்தின் வேறு இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அரசாங்கமே கொண்டுவந்து குடிவைத்த இடம். அந்த நிலம் அணுசக்தி நிலையத்துக்கு வேண்டும் என்று, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேரை லாரிகளில் ஏற்றிச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். ஊரிலிருந்து போட்ட கடிதங்கள் அதற்குப் பிறகு யாருக்குப் போயிருக்கும்? பெரியப்பா பல வருஷமாக, 'கல்யாணப் பத்திரிகை வச்சும் வராத பயலுவ' என்று அந்த இரண்டு குடும்பத்தின் மேலும் கோபமாக இருந்தார். பத்திரிகை போன விலாசமே பூமியில் இல்லை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சீட்டா கேம்ப்பில் நாலு தெரு விசாரித்ததில் ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. பேரன் குர்லாவில் ஏ.சி. மெக்கானிக். தமிழ் பேசுகிறான், எழுதப் படிக்கத் தெரியாது. என்னை 'சித்தப்பா' என்று கூப்பிடலாமா, 'அங்கிள்' என்று கூப்பிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் எதுவும் சொல்லாமல் டீ கொடுத்தான் :-)

பேரை வைத்துத் தேடினால் வேறு ஒரு சிக்கல். நமக்கு இனிஷியல் போதும். மகாராஷ்டிராவில் பேர், அப்பா பேர், குடும்பப் பேர் என்று மூன்று கட்டம் போட்ட படிவம் நீட்டுவார்கள். மூன்றாவது கட்டத்தைச் சும்மா விட முடியாது. பள்ளிக்கூட வாத்தியாரோ மில் டைம்கீப்பரோ எதையாவது எழுதிவிடுவார். ஒருவருக்கு நாடார், ஒருவருக்குத் தேவர், ஒருவருக்கு அப்பா பேர், ஒருவருக்குத் தாத்தா பேர். தாராவியில் 'ஹரிஜன்' என்பதையே குடும்பப் பேராகப் போட்டுச் சான்றிதழ் வாங்கிய குடும்பங்கள் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இரண்டு குடும்பப் பேர் விழுந்தால், அடுத்த தலைமுறையில் காகிதத்தில் அவர்கள் அந்நியர்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பிறகு மெல்ல மெல்லத் தமிழ்நாட்டில் அந்த வால் உதிர்ந்தது. ஊரில் உதிர்ந்தது பம்பாய்ப் படிவத்தில் ஒட்டிக்கொண்டது. என் அலுவலகத்தில் ஒருவர் என் 'சர்நேமை' இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறார். 'அது உங்கப்பா பேராச்சே, உங்க குடும்பப் பேர் எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சொந்தபந்தம் விட்டுப்போனதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம், 'பம்பாய்க்குப் போனவனுக்குத் துட்டு வந்ததும் ஊர் மறந்துபோச்சு'. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பால் தாக்கரே 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பேர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. 1966 ஜூன் 19-இல் சிவசேனா பிறந்தது. 'லுங்கிவாலா' என்பது திட்டாக ஆனது. கடைகள் உடைந்தன. அந்த வருஷங்களில் பல வீடுகளில் வெளியில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 1976-இல் ஜனதா காலனி. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்டிரைக், சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். அது வென்று முடியவே இல்லை, மில்கள்தான் முடிந்தன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கில் 900 பேர் செத்தார்கள், தாராவியும் எரிந்தது. பக்கத்துக் கோலியில் முப்பது வருஷம் இருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒரு பக்கம் போக, இந்துக் குடும்பம் இன்னொரு பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் கல்யாண், டோம்பிவிலி, உல்லாஸ்நகர் என்று தள்ளிப் போனார்கள். போகிற அவசரத்தில் யார் விலாசம் எழுதி வைப்பார்?

எங்கள் சின்னத் தாத்தா வீடு அப்படித்தான் போனது. பரேலில் மில் வேலை, தாராவி கிராஸ் ரோட்டில் குடித்தனம். 1969 நோட்டில் அவர் பேருக்கு நேரே 'வரவு' என்று டிக் அடித்திருக்கிறது. அடுத்தடுத்த கொடைகளிலும் மணியார்டரில் வரி வந்திருக்கிறது. 1983 நோட்டில் 'வரவில்லை'. 1986-இல் பேரே இல்லை. ஊரில் இதற்குச் சொன்ன காரணம், பாகப்பிரிவினையில் சண்டை. ஸ்டிரைக் வருஷத்தை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சம்பளம் நின்ற வீட்டிலிருந்து கோயில் வரி எப்படி வரும்? வரி கட்டாதவன் தலைக்கட்டிலிருந்து விழுந்துவிடுகிறான். விழுந்தவனுக்கு அழைப்பு இல்லை. அழைக்காத இடத்துக்கு அவன் வரமாட்டான். இப்படித்தான் பங்காளி தொலைகிறான்.

இதெல்லாம் பழங்கதை, ஒரு நாள் பொங்கலுக்கு இவ்வளவு தேடல் தேவையா என்று கேட்கலாம். தாராவியில் போய்க் கேட்டால் தெரியும். மகாராஷ்டிராவில் எஸ்.சி. சான்றிதழ் வேண்டும் என்றால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் வசித்தது என்று காட்ட வேண்டும். அன்றைக்குத்தான் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், இந்த மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை (சாதியின் பேர் இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும், அது இன்னொரு தலைவலி). 1950-க்கு முந்திய காகிதத்துக்கு ஒரு தோல் ஷாப் கூலி எங்கே போவார்? தகப்பன் வழி உறவினரின் காகிதமும் செல்லும். அதாவது தாத்தாவின் தம்பி ஒருவர் 1940-களில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்துவிட்டு நின்றிருந்தால், அவருடைய பள்ளிச் சான்றிதழ் ஒன்று அந்த வம்சத்துக்கே சொத்து. அந்தத் தம்பியின் குடும்பத்தோடு போக்குவரத்து இல்லையென்றால்? காலேஜ் அட்மிஷன் நேரத்தில், பார்த்தே இராத ஒன்றுவிட்ட பெரியப்பாவைத் தேடி கல்யாணுக்கும் திருநெல்வேலிக்கும் அலைகிற பையன்களை நான் பார்த்தேன். வம்சவிருட்சம் நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு ஃபீஸ்.

இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கு 2004-இலிருந்தே திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தை எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அறிவித்த விதிப்படி, தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்கும் 2011-க்கும் நடுவில் வந்தவர்களுக்கு வெளியே எங்கேயோ, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி. அதற்கும் பிந்தியவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே, வாடகையாக. ஆக, ஒரே கோலியில் கீழே அண்ணன், ஏணி ஏறி மேலே தம்பி என்று இருந்த குடும்பம் இரண்டாகப் போகப்போகிறது. கீழே இருப்பவரின் பேருக்குக் காகிதம் இருக்கிறதா, அது எந்த வருஷத்தது, குடும்பப் பேர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதில் எல்லாம் தொங்குகிறது. 1976-இல் ஜனதா காலனிக்காரர்கள் போனது போல இன்னொரு முறை விலாசங்கள் மாறப்போகின்றன. தேடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் தேட வேண்டும்.

சின்னத் தாத்தா வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எந்தக் காகிதமும் இல்லை. கிராஸ் ரோட்டில் பழைய கோலியைக் கண்டுபிடித்தேன், அது கைமாறி பெல்ட் தைக்கும் பட்டறையாக இருக்கிறது. பக்கத்தில் விசாரித்தபோது இரண்டு சந்து தள்ளி ஒரு கிழவியைக் காட்டினார்கள். வயது எண்பதுக்கு மேல். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். 'மேலவீடா கீழவீடா?' என்றார். மேலவீடு என்றதும், 'அப்ப நீங்க எனக்கு மருமவன்லா! ஏ அய்யா, வெளிய நிக்கிய, உள்ள வாங்க' என்று கையைப் பிடித்துக்கொண்டார். சின்னத் தாத்தாவின் மூத்த மகள். எனக்கு அத்தை. பக்கத்து ஊர்க்காரருக்கே கட்டிக்கொடுத்து, அவரும் தாராவியிலேயே இருந்ததால் இங்கேயே இருந்துவிட்டார். எங்கள் வரிநோட்டில் ஐம்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் பேர் இல்லை. இருக்கவும் இருக்காது, கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டு சாஸ்தாவுக்குப் போய்விடுகிறாளே. ஊரில் எல்லோரும் எட்டுத் தம்பிமாரைத் தேடினார்களே தவிர, ஒரு அக்காவும் போயிருக்கிறாள் என்பதை யாரும் நினைக்கவில்லை.

அத்தையிடம் வேறு ஒரு நோட்டு இருந்தது. மொய் நோட்டு. 1974-இல் அவர் வீட்டில் நடந்த ஒரு காதுகுத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, பேத்தியை வாசிக்கச் சொன்னார். பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் நான் வாசித்தேன். ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், பதினோரு ரூபாய். ஒவ்வொரு பேருக்கும் அத்தை விளக்கம் சொன்னார். இவன் ஸ்டிரைக்குக்கப்பறம் உல்லாஸ்நகர் போனான், இவன் மக பீவண்டியில இருக்கா, இவன் குடிச்சே செத்தான், இவன் பொண்டாட்டி நல்லவ. பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு, மாமன், மச்சான், சம்பந்தி எல்லாம் அதில் இருந்தன. வரிநோட்டு ஆண்களின் சரித்திரம் என்றால் இது மிச்சத்தின் சரித்திரம். அதுவரை தொலைந்ததாக நினைத்த ஆறு வீடுகளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் வழி தெரிந்துவிட்டது. அப்பா வீட்டு சாஸ்தாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். 'கல்யாணத்துக்கு முந்தி. கூப்ட்டாத்தான வரணும்' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, இந்தத் தடவை பிறந்த பெண்களின் வீடுகளுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும் என்றேன். 'அவங்களுக்கு வரி கெடையாதே, எந்தக் கணக்குல எழுத?' என்று கேட்டார். வரி இல்லாமலே எழுதுங்கள் என்றேன். ஊர்க்கூட்டத்தில் பேசிச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அது முடிவாகும்வரை நான் காத்திருக்கவில்லை. இங்கே கிடைத்த வீடுகளை எல்லாம், பெண் வழியையும் சேர்த்து, ஒரு பட்டியலாக எழுதிவிட்டேன். பேர், அப்பா பேர், அம்மா பேர், படிவத்தில் எந்தக் குடும்பப் பேர் விழுந்திருக்கிறது, பழைய விலாசம், இப்போதைய விலாசம், வீட்டில் இருக்கிற காகிதங்களில் மிகப் பழையது எந்த வருஷத்தது. கடைசிக் கட்டம் கோயிலுக்குத் தேவையில்லைதான், ஆனால் மற்றவர்களுக்குத் தேவைப்படலாம். இதுவரை இருபத்து மூன்று வீடு. ஏ.சி. மெக்கானிக் பையன்தான் டிக்கெட் பொறுப்பு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, தாதர்-திருநெல்வேலி வண்டியில் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்று இப்போதே எல்லோர் ஆதார் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறான். அத்தைக்கு லோயர் பெர்த்.